பாதுகாப்பு என்னும் ஒற்றைச்சொல்: எக்ஸ்-37பி குறித்துச் சில குறிப்புகள்

2025 மார்ச்சில் ஒரு நாளிதழுக்காக ஏழெட்டு வரிச் செய்தி ஒன்றைத் தமிழாக்க வேண்டியிருந்தது. அமெரிக்க விண்வெளிப் படையின் எக்ஸ்-37பி என்கிற ஆளில்லா விண்விமானம் 434 நாட்கள் பூமியைச் சுற்றிவிட்டு மார்ச் 7 அன்று கலிஃபோர்னியாவின் வாண்டன்பர்க் தளத்தில் இறங்கியது என்பதுதான் செய்தி. கால்மணி நேர வேலை. ஆனால் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டேன். சேஃப்டி ஓரிடத்தில் வந்தது, செக்யூரிட்டி இன்னோரிடத்தில் வந்தது. இரண்டுக்கும் கை தானாகவே ‘பாதுகாப்பு’ என்று எழுதிவிட்டது. முடித்துவிட்டுப் படித்துப் பார்த்தால், பாதுகாப்பாக இறங்கிய இந்த ஊர்தி எவ்வளவு பாதுகாப்பானது என்பதைப் பாதுகாப்புக் கருதிச் சொல்ல இயலாது என்கிற மாதிரி ஆகிவிட்டிருந்தது வாக்கியம். கேலிக்கு எழுதியதுபோல இருந்தது. ஆனால் கேலி இல்லை. மொழி கைதவறி உண்மையைச் சொல்லிவிட்டது என்றே எனக்குப் பட்டது.

தமிழில் இந்த ஒரு சொல் மூன்று பேரிடம் கூலி வாங்குகிறது. சாலைப் பாதுகாப்பு வாரம், தேசியப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பு அமைச்சகம். முதலாவது உங்கள் உயிரைப் பற்றிய கவலை. இரண்டாவது உங்கள் மீதான சந்தேகம். மூன்றாவது குண்டு வைத்திருப்பது. ஆங்கிலத்தில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு, நம்மிடம் இல்லை, ஆகவே நம் மொழி இன்னும் வளரவேண்டும் என்று கலைச்சொல்லாக்க நண்பர்கள் சொல்வார்கள். நான் தலைகீழாகப் பார்க்கிறேன். சொற்கள் தனித்தனியாக இருக்கும் நாட்டிலும் நடைமுறையில் இரண்டாவது முதலாவதை விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறது. எக்ஸ்-37பி அதற்கொரு சுத்தமான எடுத்துக்காட்டு. ஊர்திக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பது இக்கட்டுரையின் வேலை அல்ல. அது குறித்த அபாயத்தைப் பேசும் உரிமை எப்போது, யாரிடம், எந்த நிபந்தனையில் தரப்படுகிறது என்பதே என் கேள்வி.

ஊர்தியைப் பற்றி முதலில் கொஞ்சம். கிட்டத்தட்ட 9 மீட்டர் நீளம், நாலரை மீட்டர் இறக்கை விரிவு, 5 டன் எடை. பழைய ஸ்பேஸ் ஷட்டிலின் குட்டி என்று சொல்லலாம். ராக்கெட்டின் தலையில் வைத்து ஏவப்படும், விமானம்போல ஓடுபாதையில் தானே இறங்கும். போயிங் கட்டியது. 1999இல் நாசாவின் திட்டமாகத்தான் இது தொடங்கியது. 2004இல் ராணுவ ஆய்வு முகமையான டார்பாவுக்குக் கைமாறியது, 2006இல் விமானப்படை தனக்கான வடிவத்தை அறிவித்தது. இந்தக் கைமாற்றம் முக்கியமானது. நாசாவிடம் இருந்தவரை எரிபொருள் என்ன, செலவு என்ன, எங்கே இடறுகிறது என்பதெல்லாம் பொதுவில் பேசப்பட்ட விஷயங்கள். கைமாறிய பிறகு அதே உருவம், அதே இறக்கை. பேச்சு மட்டும் நின்றுபோனது. பௌதிக ரீதியாக அபாயம் கூடவுமில்லை, குறையவுமில்லை. அதைச் சொல்வதற்கான வாய் மட்டும் மாற்றப்பட்டது.

2006 ஏப்ரலில் வெள்ளோட்டத்துக்காக ஒரு விமானத்திலிருந்து கழற்றி விடப்பட்டபோது எக்ஸ்-37 ஒழுங்காகப் பறந்து வந்து, ஓடுபாதையைத் தாண்டி ஓடி, மூக்கை உடைத்துக்கொண்டது. 2010 ஏப்ரல் 22 அன்று முதல் ராணுவப் பறப்பு. 224 நாட்கள் கழித்து டிசம்பர் 3 அன்று வாண்டன்பர்க்கில் இறங்கியபோது ஒரு டயர் வெடித்து அடிவயிற்றில் சேதம். இவை பெரிய விபத்துகள் அல்ல. எந்தப் புது விமானத்துக்கும் நேர்பவை. ஆனால் கவனியுங்கள், இந்த ஊர்தி 270 நாட்களுக்காக வடிவமைக்கப்பட்டது என்று அப்போது சொல்லப்பட்டது. அதற்குப் பிறகு நடந்த பறப்புகள் 468 நாட்கள், 674, 717, 779, 908. ஒவ்வொரு முறையும் செய்தி ஒரே தொனியில்தான் வந்தது: சாதனை முறியடிப்பு. வடிவமைத்த ஆயுளைப்போல மூன்று மடங்குக்கும் மேலாக ஓடியதைச் சாதனை என்றும் படிக்கலாம், இன்னொரு மாதிரியும் படிக்கலாம். நம்மூர் டவுன் பஸ் தன் ஆயுளைத் தாண்டி மூன்று மடங்கு ஓடினால் யாரும் சாதனை என்று எழுதமாட்டார்கள். எஃப்.சி. எங்கே என்று கேட்பார்கள். விண்வெளியில் அந்தக் கேள்வியைக் கேட்க யாரும் இல்லை. அரசு தனக்காகத் தானே நடத்தும் பறப்புக்கு அமெரிக்க சிவில் விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் உரிமம்கூடத் தேவையில்லை. விண்ணப்பிப்பவரும் சான்றளிப்பவரும் ஒரே வீட்டுக்காரர்கள்.

‘சோதனை ஊர்தி’ என்பது இதன் அதிகாரபூர்வமான பெயரிலேயே இருக்கிறது. 2010 முதல் 2025 ஆகஸ்டு வரை எட்டு முறை ஏவியாகிவிட்டது, இன்னும் சோதனைதான். சோதனை என்னும் சொல்லுக்கு ஒரு வசதி உண்டு. சோதனையில் தவறு நடந்தால் அது தவறில்லை, பாடம். சோதனைக்குக் கணக்குக் கேட்பவன் அறிவியலுக்கு எதிரி. தமிழில் போலீஸ் வீட்டுக்குள் புகுவதும் சோதனைதான், கடவுள் பக்தனுக்குத் தருவதும் சோதனைதான் என்பது கூடுதல் விசேஷம்.

*

இனி ஒரு புகைப்படம். ராணுவமே வெளியிட்டது. யாரும் திருடிக் கொடுத்ததில்லை. ஓடுபாதையில் எக்ஸ்-37பி நிற்கிறது. வெள்ளை முதுகு, கருத்த வயிறு. அதன் அருகே தலைமுதல் கால்வரை மூடிய, உள்ளேயே காற்று வழங்கும் உடை அணிந்த மனிதர்கள் கருவியோடு நிற்கிறார்கள். ஒவ்வொரு தரையிறக்கத்திற்குப் பிறகும் ஏறத்தாழ இதே படம் வருகிறது. பத்திரிகைகள் இதைத்தான் போடுகின்றன, ஏனென்றால் வேறு படம் இல்லை. இதைப் பார்க்கிற வாசகர் அந்த மனிதர்களை விண்வெளி வீரர்கள் என்று நினைத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. என் மருமகள் அப்படித்தான் கேட்டாள், ‘ஆளில்லைன்னு போட்டிருக்கு, ரெண்டு பேர் நிக்கிறாங்களே மாமா?’

அவர்கள் வீரர்கள் அல்ல, தரைப் பணியாளர்கள். ஹைட்ரஸீன் போன்ற எரிபொருட்களின் ஆவி கசிகிறதா என்று பார்ப்பதற்கு அந்த உடை. ஹைட்ரஸீன் எதுவென்று தெரிந்துகொள்வது கஷ்டமில்லை. நிறமற்ற திரவம், அமோனியா வாடை, தோலில் பட்டால் புண்ணாக்கும், மூச்சில் போனால் நுரையீரலையும் ஈரலையும் கெடுக்கும், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று வகைப்படுத்தப்பட்டது. எனவே அந்தப் படம் தன்னையறியாமல் ஒரு வாக்குமூலம் தருகிறது. ஊர்தியின் அபாயத்தை ராணுவம் மறைக்கவில்லை, உடையாக உடுத்திக் காட்டுகிறது. ஆனால் படத்தின் கீழே அபாயம் பற்றி ஒரு வரி இருப்பதில்லை. இருப்பதெல்லாம் நாட்களின் எண்ணிக்கை. மௌனம் என்பது ஒன்றும் இல்லாமை அல்ல, அது ஏற்பாடு செய்யப்பட்டது என்று ஃபூக்கோவைப் படித்தவர்கள் நம்மிடையே சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன விஷயம்தான். ஆனால் இவ்வளவு வெளிச்சத்தில், பட்டப்பகலில், கலர்ப் படத்தில் ஒரு மௌனத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

இந்த மௌனம் எப்போதும் இருந்ததா என்றால் இல்லை. இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. 2006 டிசம்பரில் ஏவப்பட்டு உடனே செயலிழந்துபோன யுஎஸ்ஏ-193 என்கிற அமெரிக்க உளவுக்கோள், 2008 தொடக்கத்தில் பூமியில் விழவிருந்தது. அது பரம ரகசியமான கோள். ஆனால் அந்த பிப்ரவரியில் பென்டகன் நிருபர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஹைட்ரஸீன் வகுப்பே நடத்தியது. தொட்டியில் ஏறத்தாழ 450 கிலோ இருக்கிறது, உறைந்திருக்கிறது, தொட்டி உடையாமலேயே தரைக்கு வந்துசேரக்கூடும், விழுந்த இடத்தில் இரண்டு கால்பந்து மைதானப் பரப்புக்கு ஆபத்து, குளோரின் மாதிரி நுரையீரலைப் பாதிக்கும். இவ்வளவையும் ஜெனரல்களே சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒரு வாரத்திற்குள் பசிபிக்கில் நின்ற லேக் எரீ என்னும் போர்க்கப்பலிலிருந்து ஏவுகணை விட்டு அந்தக் கோளை உடைத்தார்கள். அதற்கு ஓராண்டுக்கு முன், 2007 ஜனவரியில், சீனா தன் பழைய வானிலைக் கோளை ஏவுகணையால் உடைத்து உலகின் கண்டனத்தைப் பெற்றிருந்தது. சீனா செய்தது ஆயுதப் பரிசோதனை, நாங்கள் செய்தது மக்கள் பாதுகாப்பு என்றது அமெரிக்கா. நம்பியவர்கள் குறைவு.

ஹைட்ரஸீன் அபாயம் பொய் என்று நான் சொல்லவில்லை. உண்மையாகவே இருக்கட்டும். அப்படியானால் 450 கிலோ எவ்வளவு என்று எங்களுக்குக் கற்றுத் தந்தவர்கள், 2010 முதல் ஓடுபாதைக்குத் திரும்பத் திரும்ப வந்து இறங்கும் ஊர்தியில் மிச்சம் எத்தனை கிலோ என்று ஏன் சொல்வதில்லை? உளவுக்கோளில் அந்த எண் ரகசியமில்லை, விண்விமானத்தில் அதே வகை எண் ரகசியம். ஏவுகணை விடுவதற்கு அனுமதிச் சீட்டாகத் தேவைப்பட்டபோது அபாயத்துக்கு வாய் முளைத்தது. கணக்குக் கேட்பதற்கான காரணமாக அது மாறக்கூடிய இடத்தில் வாய் அடைபட்டது. இந்தச் சொல்லாடலில் அபாயம் பற்றிய அறிவு மக்களின் சொத்தாக இருந்ததே இல்லை. அது கருவூலத்தில் கிடக்கும் ஆயுதம், வேண்டும்போது எடுத்துக்கொள்வார்கள்.

சிவில் நிறுவனமான நாசாவின் கொலம்பியா 2003 பிப்ரவரி 1 அன்று டெக்சாஸ் மேலே சிதறியபோது, துண்டுகளைத் தொடாதீர்கள், நச்சு இருக்கலாம் என்று அன்றைக்கே ஊர் ஊராகச் சொல்லப்பட்டது. ஏழு பேர் இறந்த துக்கத்தின் நடுவே. முடியாத காரியமல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

*

ரகசியம் என்றால் யாரிடமிருந்து? எதிரியிடமிருந்து என்பது உடனடிப் பதில். பார்ப்போம்.

2010இல் முதல் பறப்பின் சுற்றுப்பாதை அறிவிக்கப்படவில்லை. ஒரு மாதத்திற்குள் அதைக் கண்டுபிடித்தவர்கள் யார்? வீட்டுக் கொல்லையில் பைனாகுலரும் நிறுத்துக் கடிகாரமும் வைத்துக்கொண்டு வானம் பார்க்கும் பொழுதுபோக்காளர்கள். 2023 டிசம்பரில் ஏழாவது பறப்பு ஃபால்கன் ஹெவி ராக்கெட்டில் போனபோதும் பாதை மறைக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் ஃபின்லாந்துக்காரர் ஒருவர் கண்டுபிடித்துவிட்டார்: கீழே 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல், மேலே 38,000 கிலோமீட்டருக்கும் அதிகம். அதாவது தகவல் தொடர்புக் கோள்கள் நிற்கும் உயரத்தையும் தாண்டிய நீள்வட்டம். கொல்லைப்புறத்து மனிதருக்குத் தெரிவது, ராட்சத ரேடார்கள் வைத்திருக்கும் ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் தெரியாது என்று நம்புவதற்கு நமக்குக் கொஞ்சம் பக்தி வேண்டும்.

இதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. சோவியத் யூனியன் 1982இல் போர்-4 என்கிற சிறிய ஆளில்லா விண்விமானத்தை ஏவி இந்தியப் பெருங்கடலில், கோகோஸ் தீவுகளுக்குத் தெற்கே, இறக்கியது. வெளியில் அறிவித்த பெயர் வழக்கம்போலக் காஸ்மாஸ், பக்கத்தில் ஓர் எண். அடுத்த ஆண்டும் அதே இடத்தில் இறக்கினார்கள். சோவியத் கப்பல்கள் அதைத் தண்ணீரிலிருந்து தூக்கும்போது ஆஸ்திரேலிய விமானப்படையின் ஓரியன் விமானம் தலைக்கு மேலே வட்டமடித்துப் படம் எடுத்தது. அந்தப் படங்களை வைத்து நாசாவின் லாங்லி மையம் மாதிரி செய்து காற்றுச் சுரங்கத்தில் ஆராய்ந்தது. அதிலிருந்து எச்எல்-20 என்கிற வடிவம் வந்தது, அதிலிருந்து ட்ரீம் சேஸர். எதிரியின் ரகசியம் எதிரியின் குழந்தையாக வளர்ந்தது. அந்தக் காலத்தில் இதைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருந்தவர்கள் சோவியத் குடிமக்கள்தான்.

ரகசியத்தால் பயன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பயன் வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்க விமானப்படையின் முன்னாள் செயலர் ஹெதர் வில்சன் 2019 ஜூலையில் ஒரு கூட்டத்தில் அதை வெளிப்படையாகவே பேசினார். எக்ஸ்-37பி முட்டை வடிவப் பாதையில் சுற்றி, தாழ வரும்போது வளிமண்டலத்தை உரசித் தன் பாதையை மாற்றிக்கொள்ள வல்லது, அடுத்து எங்கே தலைகாட்டும் என்று எதிரிகளுக்குத் தெரியாது, அது அவர்களைப் பித்துப் பிடிக்க வைக்கிறது என்ற பொருளில். 2024 அக்டோபரில் விண்வெளிப் படை அந்த உரசல் உத்தியைச் செய்யப்போவதாக அறிவிக்கவும் செய்தது. இங்கே மையமானது ஊர்தியின் சுமை அல்ல, கணிக்க முடியாமை. கணிக்க முடியாமையே ஆயுதம்.

ஆனால் சாலையில் கணிக்க முடியாமல் ஓட்டுபவனை நாம் என்ன சொல்வோம்? 2009 பிப்ரவரியில் இரிடியம் 33 என்னும் அமெரிக்கக் கோளும் செத்துக் கிடந்த ரஷ்யக் கோள் ஒன்றும் மோதி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் ஆயின. இரண்டின் பாதையும் பொதுவில் இருந்தும் அந்தக் கதி. விண்வெளியில் விபத்தைத் தவிர்க்க இருக்கும் ஒரே வழி, யார் எங்கே இருக்கிறார்கள், எங்கே போகப்போகிறார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது. அமெரிக்க ராணுவம்தான் உலகத்துக்கே அந்த அட்டவணையை வெளியிடுகிறது. தன் ரகசியக் கோள்களின் பாதைகளுக்கு மட்டும் அதில் இடமில்லை. ஒவ்வொரு ஊர்தியும் தனக்கே உரிய விபத்தையும் கூடவே கொண்டு பிறக்கிறது என்ற கருத்தில் பால் விரிலியோ எழுதியிருக்கிறார். எக்ஸ்-37பி விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே போகவேண்டும். இங்கே விபத்துக்கான சாத்தியம் தொழில்நுட்பத்தின் பக்கவிளைவு அல்ல, அதன் நோக்கத்தின் மறுபக்கம். செக்யூரிட்டிக்காகச் செய்யும் காரியமே சேஃப்டியைக் கெடுக்கும் காரியம். நாளிதழ் செய்தியில் நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான்.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். 1972ஆம் ஆண்டின் பொறுப்பேற்பு உடன்படிக்கைப்படி, விண்பொருள் தரையில் ஏற்படுத்தும் சேதத்துக்கு ஏவிய நாடு முழுப் பொறுப்பு. விண்வெளியில் நடக்கும் சேதத்துக்கோ தவறு யாருடையது என்று நிரூபித்தாக வேண்டும். தவற்றை நிரூபிக்கப் பாதை தெரிய வேண்டும், எப்போது திருப்பினார்கள் என்று தெரிய வேண்டும். அந்தக் காகிதம் பிரதிவாதியின் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது. இன்னொன்று, அதே உடன்படிக்கை ஏவிய நாட்டின் சொந்தக் குடிமக்களுக்குப் பொருந்தாது. 2017 மே 7, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குச் சற்று முன் எக்ஸ்-37பி ஃப்ளோரிடாவில் இறங்கியபோது எழுந்த ஒலியதிர்வில் திடுக்கிட்டு விழித்தவர்கள் எல்லாம் அந்தச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாதவர்கள். இறங்கும் நேரம் அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. இடிச்சத்தம்தான் அறிவிப்பு.

பதிவு உடன்படிக்கை வேறு இருக்கிறது. விண்ணில் விட்டதை ஐ.நா.வில் பதிய வேண்டும். ஐந்தாவது பறப்பின்போது எக்ஸ்-37பி தன் வயிற்றிலிருந்து சிறு கோள்களை வெளியே விட்டது. ஊர்தி திரும்பி வந்த பிறகுதான் ‘விட்டோம்’ என்ற செய்தியே தெரியவந்தது. இது பதிவு உடன்படிக்கையை மீறுவது என்று வானியலாளர் ஜோனத்தன் மெக்டவல் சுட்டிக்காட்டினார். அவற்றின் எண்கள் 2020இல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ‘கூடிய விரைவில்’ பதிய வேண்டும் என்றுதான் உடன்படிக்கையில் இருக்கிறது. கூடிய விரைவு என்பது எத்தனை மாதம் என்று எழுதப்படவில்லை. தாலுகா ஆபீசுக்கு அலைந்தவர்களுக்கு இந்தச் சொற்றொடரின் நீளம் புரியும்.

*

நம் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இடதுசாரி வட்டாரங்களில் எக்ஸ்-37பி பற்றிப் பேச்சு வந்தால் உடனே ‘விண்வெளிக் குண்டுவீச்சு விமானம்’ என்றுதான் ஆரம்பிக்கிறோம். 2021இல் ரஷ்ய ஆயுத நிறுவனமான அல்மாஸ்-ஆண்டேயின் தலைவர் அது அணுகுண்டு சுமக்க வல்லது என்றார். நம் நண்பர்கள் சிலர் அதை அப்படியே எடுத்துப் பேசினார்கள். ஆயுத வியாபாரியின் வாக்கை மேற்கோள் காட்டி ஏகாதிபத்தியத்தை எதிர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தச் சரக்கறையின் அளவு சுமார் 2 மீட்டருக்கு 1.2 மீட்டர், ஒரு ஆம்னி வேனின் பின்பக்கம் அளவு. 2012இல் வேறொரு வதந்தி: சீனாவின் தியாங்கோங்-1 நிலையத்தை எக்ஸ்-37பி உளவு பார்க்கிறது என்று பிரிட்டிஷ் விண்வெளி இதழ் ஒன்று எழுதியது. இரண்டின் பாதையும் பொருந்தவே பொருந்தாது என்று அதை அடித்து நொறுக்கியது எது தெரியுமா? அந்தக் கொல்லைப்புறத்துக்காரர்கள் அளந்து வைத்திருந்த பாதைக் கணக்குதான். பென்டகன் மறுப்பு வெளியிட்டிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். ரகசியம் வதந்தியை வளர்க்கிறது, வதந்தி ரகசியத்துக்கு மரியாதை சேர்க்கிறது. அந்த ஊர்தியைப் பெரும்பூதமாக வரைவதன் மூலம் நாம் விண்வெளிப் படையின் விளம்பரப் பிரிவில் சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறோம்.

சீனாவின் கதையும் வேறல்ல. 2020 செப்டம்பரில் ஒன்று, 2022 ஆகஸ்டு முதல் 2023 மே வரை 276 நாட்கள் ஒன்று, 2023 டிசம்பர் முதல் 2024 செப்டம்பர் வரை 268 நாட்கள் ஒன்று என்று மறுபயன்பாட்டு விண்கலத்தைப் பறக்கவிட்டது. அமெரிக்கா படமாவது போடுகிறது. இந்த மூன்று பறப்புகளுக்கும் சீனா அதுவும் போடவில்லை. விண்வெளியின் அமைதிப் பயன்பாட்டுக்கு என்ற ஒரு வரிதான். சோசலிசம் என்ற பெயர் இருப்பதால் அந்த மௌனம் வேறு ஜாதியாகிவிடாது.

‘ஆளில்லா’ என்ற சொல்லையும் சும்மா விட முடியவில்லை. இந்தச் சொல் நமக்குப் பழக்கமானது, ஆளில்லா ரயில்வே கேட் வழியாக. அங்கே ஆளில்லை என்றால் பொறுப்பு கடந்துபோகிறவன் தலையில். நின்று, கவனித்து, போகவேண்டியது நாம். அகலப்பாதையில் அந்த கேட்டுகள் 2019 ஜனவரியோடு ஒழிக்கப்பட்டன. சொல்லின் வேலை மட்டும் மாறவில்லை. விண்விமானத்தில் ஆளில்லை என்பது உள்ளே மட்டும்தான். சோவியத்தின் புரான் 1988 நவம்பர் 15 அன்று ஆளில்லாமல் இரண்டு சுற்றுச் சுற்றித் தானே இறங்கியது, உலகம் வியந்தது. ஒரு உயிர்கூட ஆபத்துக்கு உள்ளாகவில்லை என்று எழுதினார்கள். பணமில்லாமல் திட்டம் நின்று, ஊர்தி பைகோனூரில் ஒரு கொட்டகையில் கிடந்தது. 2002 மே 12 அன்று அந்தக் கொட்டகையின் கூரை இடிந்து விழுந்தது. புரான் நொறுங்கியது. கூரையைச் செப்பனிட ஏறியிருந்த தொழிலாளர்கள் 8 பேர் செத்தார்கள். விண்வெளி வரலாற்று நூல்களில் அந்த நாள் புரான் அழிந்த நாளாகத்தான் பதிவாகியிருக்கிறது. ஆளில்லா ஊர்தி கொன்ற ஆட்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. வாண்டன்பர்க் படத்தில் மூடிய உடைக்குள் நிற்பவர்களுக்கும் முகம் இல்லை என்பதை இதோடு சேர்த்துப் பார்க்கிறேன்.

கீழே இருப்பவர்களிடம் கடைசியாகத்தான் சொல்வார்கள் என்பதற்கு 1978 இருக்கிறது. அணு உலை பொருத்திய சோவியத் ராணுவக் கோள் காஸ்மாஸ் 954 கட்டுப்பாடு இழந்து இறங்குகிறது என்பது மாஸ்கோவுக்குத் தெரியும், வாஷிங்டனுக்கும் வாரக்கணக்கில் முன்பே தெரியும். இருவரும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பீதி கிளம்பக்கூடாது என்று மக்களிடம் சொல்லவில்லை. ஜனவரி 24 அன்று அது கனடாவின் வடமேற்கில், டெனே பழங்குடியினர் வேட்டையாடி வாழும் நிலத்தில் சிதறியது. 1,24,000 சதுர கிலோமீட்டர் தேடினார்கள். கனடா 60 லட்சம் டாலருக்குக் கணக்கு அனுப்பி, 1981இல் 30 லட்சம் பெற்றது. பனிப்போரின் உச்சத்தில் இரண்டு வல்லரசுகளும் ஒருவரையொருவர் நம்பிப் பகிர்ந்துகொண்ட ரகசியம் அது. பகிரப்படாதது தலைக்கு மேலே அது வந்தவர்களிடம்.

இதை ஒரு கூட்டத்தில் பேசியபோது நண்பர் ஒருவர் எழுந்து, ‘ஏங்க, பதினைஞ்சு வருஷத்துல ஒருத்தன் செத்தானா? இதைவிட மோசமா எவ்வளவோ இருக்கு, இதப் போயி...’ என்றார். நியாயமான கேள்வி. எக்ஸ்-37பியால் யாரும் செத்ததாகத் தெரியவில்லை. 5 டன் ஊர்தி, தன் சொந்தத் தளத்தில், பெரும்பாலும் கடல்மேல் வந்து இறங்குகிறது. அபாயம் சிறியதாகவே இருக்கலாம். அமெரிக்க அரசு தனக்கு வைத்திருக்கும் அளவுகோல், திரும்பி விழும் பொருளால் மனிதருக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது. நல்ல எண்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் அதைக் கணக்குப் போடுவது யார், போட்ட தாளை யார் பார்த்தார்கள்? சிறியது என்று அவர்கள் சொல்வதால்தான் சிறியது. நண்பரிடம் இதைத்தான் சொன்னேன். அவர் திருப்தியடையவில்லை.

அவர் மேலும் கேட்டது நம்மூரைப் பற்றி. நம்மிடமும் ஒரு இறக்கை வைத்த ஊர்தி இருக்கிறது. இஸ்ரோவின் மறுபயன்பாட்டு ஏவூர்திச் சோதனைக் கலம் 2016 மே 23 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்து வங்கக் கடலில் முடிந்தது. பிறகு 2023 ஏப்ரலிலும் 2024 மார்ச், ஜூனிலும் விமானப்படை ஹெலிகாப்டரிலிருந்து நாலரைக் கிலோமீட்டர் உயரத்தில் கழற்றி விடப்பட்டு, கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில் சள்ளகெரே ஓடுபாதையில் தானே இறங்கியது. பெயர் புஷ்பக். குபேரனிடமிருந்து இராவணன் பறித்துக்கொண்ட வாகனத்தின் பெயரை யோசித்து வைத்தார்களா, யோசிக்காமல் வைத்தார்களா தெரியாது. இது ராணுவ ஊர்தி அல்ல. இஸ்ரோ வீடியோவே வெளியிட்டது. ஆனால் ஓடுபாதை பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்துடையது. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உட்கார்ந்துகொண்டு, கேள்விகளுக்கு வெளியே நிற்கும் நிறுவனம். அது எழுந்த இடம் அம்ருத் மஹால் காவல் என்னும் மேய்ச்சல் புல்வெளி. அங்கே ஆடு மேய்த்தவர்களின் வழியை மறித்து எழுந்த சுவர் குறித்த வழக்கு சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை வந்தது. அந்த மேய்ப்பர்களிடம் போய், இங்கே ஆளில்லா ஊர்தி இறங்குகிறது என்றால், ‘ஆமாம், ஆளில்லாமல் ஆக்கிவிட்டுத்தான் இறங்குகிறது’ என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு.

மொழிபெயர்ப்புக்கு வருகிறேன். அன்றைக்குக் கடைசியில் நான் செய்தது சின்ன வேலை. செக்யூரிட்டி வந்த இடத்தில் ‘ராணுவ ரகசியம் கருதி’ என்று போட்டேன். ‘பாதுகாப்பாகத் தரையிறங்கியது’ என்பதில் முதல் சொல்லை அடித்துவிட்டு ‘தரையிறங்கியது’ என்று மட்டும் விட்டேன். நமக்குத் தெரிந்தது அவ்வளவுதானே. மறுநாள் அச்சில் பார்த்தேன். ‘ராணுவ ரகசியம்’ போய் ‘பாதுகாப்புக் காரணங்கள்’ வந்திருந்தது. ‘பாதுகாப்பாக’வும் திரும்ப வந்திருந்தது. மேலே அந்தப் படம், மூடிய உடையில் இரண்டு பேர். படக்குறிப்பில் அவர்களை விண்வெளி வீரர்கள் என்று போட்டிருந்தார்கள்.